எண் பெரிதானால் குண்டு பெரிதா?
துப்பாக்கித் தோட்டாக்களின் அளவு பற்றி ஒரு விளக்கம்

பாங்கு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் காவலாளி. தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கி. இடுப்பு வாரில் சிவப்புத் தோட்டாக்கள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கின்றன. செலான் கட்ட வந்த இளைஞர் ஒருவர், ஊர்க்காரர் என்ற உரிமையில் மெல்லக் கேட்கிறார்:

"அண்ணாச்சி, இது எத்தனை நம்பர் துப்பாக்கி?"

"பன்னிரண்டு போர், தம்பி."

"போலீஸ்காரர் வைத்திருப்பது த்ரீ நாட் த்ரீ. முந்நூற்று மூன்று எங்கே, பன்னிரண்டு எங்கே! அதை விட இது ரொம்பச் சின்னதுதானே?"

காவலாளி சிரித்து விடுகிறார். பட்டாளத்தில் பல வருடம் இருந்தவர். அவருக்குத் தெரியும். ஆனால் இளைஞர் மீது குற்றம் இல்லை. 12, .22, .32, .303, .315, 9 மி.மீ., 7.62 என்று துப்பாக்கி உலகில் வழங்கும் எண்களைப் போலக் குழப்பம் தருபவை வேறில்லை. சில அங்குலக் கணக்கு, சில மில்லிமீட்டர் கணக்கு, சில இரண்டுமே இல்லை. இந்தக் குழப்பம் வெறும் பேச்சோடு நிற்பதும் இல்லை. துப்பாக்கியோடு பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு இதனால் கை போகலாம். மற்றவர்களுக்கு வழக்கு வரலாம்.

குண்டு வேறு, தோட்டா வேறு

முதலில் ஒரு சொல் விளக்கம். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பற்றும் மூடி, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய உலோகக் குண்டு, இத்தனையும் சேர்ந்ததே தோட்டா. சுடும்போது குழலை விட்டு வெளியே பறப்பது குண்டு மட்டுமே. கூடு பின்னால் தங்கி விடும். துப்பாக்கிக்குச் சொல்லப்படும் எண் பெரும்பாலும் குழலின் உள்விட்டத்தையோ குண்டின் விட்டத்தையோ குறிக்கிறது. இதைத்தான் கேலிபர் என்கிறார்கள்.

.303 என்றால் முந்நூற்று மூன்று அல்ல. ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதில் 303 கூறு. நம் கணக்கில் 7.7 மில்லிமீட்டர். பென்சில் பருமன்தான். .22 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு 22 பங்கு, அதாவது சுமார் ஐந்தரை மில்லிமீட்டர். .45 என்றால் பதினொன்றரை மில்லிமீட்டர். ஐரோப்பாவில் மெட்ரிக் அளவு வழக்கமானதால் அங்கே பிறந்தவை 9 மி.மீ., 7.62 மி.மீ. என்று பெயர் பெற்றன.

பன்னிரண்டு போரின் கணக்கே தனி. ஒரு ராத்தல் ஈயத்தை உருக்கிச் சம எடையுள்ள பன்னிரண்டு உருண்டைகளாக வார்த்தால், அந்த உருண்டை ஒன்று எந்தக் குழலில் சரியாக இறங்குமோ அது 12 போர். ஒவ்வோர் உருண்டையும் சுமார் 38 கிராம், ஏறக்குறைய நாலேமுக்கால் பவுன். குழலின் உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர். அதே ராத்தலில் இருபது உருண்டை செய்தால் உருண்டை சிறுத்து விடும் அல்லவா? ஆகவே 20 போர் துப்பாக்கியின் குழல் 15.6 மில்லிமீட்டர்தான். இங்கே எண் ஏற ஏறத் துளை சிறுக்கிறது. பாங்குக் காவலாளியின் துப்பாக்கித் துளை போலீஸ்காரரின் ரைபிள் துளையைப் போல இரண்டு பங்குக்கும் மேல்.

ஆனால் அந்த அகன்ற குழலில் போவது ஒற்றைக் குண்டு அல்ல. பெரும்பாலும் ஈய ரவைகள். அவை பரவிச் செல்லும். நாற்பது மீட்டருக்கு மேல் போனால் வலுக் குறைந்து விடும். கூட்டம் நிறைந்த கடைத்தெருவில் இருக்கும் பாங்குக்கு ரைபிளை விட இது பொருத்தம் என்பதற்கு ஒரு காரணம் இதுவே. ரைபிள் குண்டு எதிரே நிற்பவரைத் துளைத்துக்கொண்டு அப்பால் நிற்பவரையும் தாக்கக் கூடியது.

பவுன் கணக்கில் குண்டு

குண்டின் எடையை மேல்நாட்டார் கிரெயின் என்ற அளவில் சொல்கிறார்கள். ஒரு கிரெயின் என்பது ஏறக்குறைய அரைக் குன்றிமணி. ஒரு ராத்தலுக்கு 7000 கிரெயின். நம்மவர்களுக்குப் பவுன் கணக்கில் சொன்னால் எளிதாக விளங்கும். ஒரு பவுன் 8 கிராம்.

விளையாட்டுப் போட்டிகளில் பயன்படும் .22 குண்டு 2.6 கிராம், பவுனில் மூன்றில் ஒரு பங்கு. நமது ராணுவத்தின் இன்சாஸ் ரைபிளில் போடும் 5.56 மி.மீ. குண்டு 4 கிராம், அரைப் பவுன். 9 மி.மீ. பிஸ்டல் குண்டு சுமார் 8 கிராம், ஒரு பவுன். ஏ.கே. 47 ரைபிளின் 7.62 மி.மீ. குண்டும் கிட்டத்தட்ட அதே ஒரு பவுன். பழைய எஸ்.எல்.ஆர். ரைபிளின் 7.62 மி.மீ. குண்டு ஒன்பதரை கிராம். .303 குண்டு 11.3 கிராம், ஒரு பவுனும் மூன்று கிராமுக்குச் சற்று மேலும். அமெரிக்க ராணுவம் 1911-இல் ஏற்றுக்கொண்ட .45 பிஸ்டலின் குண்டு சுமார் 15 கிராம். இரண்டு பவுனுக்குச் சற்றுக் குறைவு.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் .45 பிஸ்டலே எல்லாவற்றையும் விட வலுவானது என்று தோன்றும். விட்டமும் பெரிது, எடையும் பெரிது. ஆனால் உண்மை வேறு.

ரயில் பாதையைப் பாருங்கள்

பிராட்கேஜ் பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர். அதே பாதையில்தான் யார்டில் ஊர்ந்து போகும் ஷண்டிங் எஞ்சினும் போகிறது, டெக்கான் குவீனும் பறக்கிறது. பாதையின் அகலத்தைப் பார்த்து வண்டியின் வேகத்தைச் சொல்ல முடியுமா? துப்பாக்கியின் கேலிபரும் அப்படித்தான். அது பாதையின் அகலம். அந்தப் பாதையில் எவ்வளவு எடை, எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதை அது சொல்வதில்லை.

குண்டின் வலுவுக்கு எடையும் காரணம், வேகமும் காரணம். ஆனால் வேகத்தின் பங்கு அதிகம். எடை இரு மடங்கானால் வலு இரு மடங்கு. வேகம் இரு மடங்கானால் வலு நான்கு மடங்கு.

இதற்கு நல்ல உதாரணம் 9 மி.மீ. பிஸ்டலும் ஏ.கே. 47-ம். இரண்டின் குண்டும் ஒரு பவுன் எடை. விட்டத்தில் பிஸ்டல் குண்டே ஒரு மில்லிமீட்டர் பெரியது. பிஸ்டல் குண்டு வாய்க்குழலை விட்டு நொடிக்கு சுமார் 360 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஏ.கே. குண்டின் வேகம் சுமார் 715 மீட்டர். ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே வலு நான்கு மடங்கு.

இந்த வலுவை ஜூல் என்ற அளவால் கணக்கிடுகிறார்கள். ஒரு கிலோ எடையைப் பத்து சென்டிமீட்டர் உயரம் தூக்க வேண்டிய சக்தி ஏறக்குறைய ஒரு ஜூல். அந்தக் கணக்கில், வாய்க்குழலை விட்டுக் கிளம்பும்போது குண்டுகளின் நிலை இது (எல்லாம் சுமாரான அளவுகள், தயாரிப்புக்குத் தயாரிப்பு சற்று மாறும்):

.22 போட்டித் துப்பாக்கி: விட்டம் 5.7 மி.மீ., வலு 140 ஜூல்.
.32 ரிவால்வர்: விட்டம் 7.9 மி.மீ., வலு 150 ஜூல்.
.45 பிஸ்டல்: விட்டம் 11.5 மி.மீ., வலு 490 ஜூல்.
9 மி.மீ. பிஸ்டல்: விட்டம் 9 மி.மீ., வலு 520 ஜூல்.
5.56 இன்சாஸ் ரைபிள்: விட்டம் 5.7 மி.மீ., வலு 1600 ஜூல்.
7.62 ஏ.கே. 47: விட்டம் 7.9 மி.மீ., வலு 2000 ஜூல்.
.303 ரைபிள்: விட்டம் 7.9 மி.மீ., வலு 3100 ஜூல்.
7.62 எஸ்.எல்.ஆர்.: விட்டம் 7.8 மி.மீ., வலு 3300 ஜூல்.

இதில் மூன்று வரிகளைக் கவனிக்க வேண்டும். .32 ரிவால்வர், ஏ.கே. 47, .303 ஆகிய மூன்றின் குண்டும் ஒரே பருமன், 7.9 மில்லிமீட்டர். வலுவோ 150, 2000, 3100. அதேபோல் .22-ம் இன்சாஸும் ஒரே பருமன். வலுவில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். குண்டுக்குப் பின்னால் உள்ள பித்தளைக் கூட்டின் நீளமும் அதில் அடைத்த மருந்தின் அளவும் குழலின் நீளமுமே இந்த வித்தியாசத்தைச் செய்கின்றன. 9 மி.மீ. தோட்டாவின் கூடு 19 மில்லிமீட்டர் நீளம். .303-ன் கூடு 56 மில்லிமீட்டர்.

இதனால்தான் விவரமறிந்தவர்கள் வெறும் 7.62 என்று சொல்வதில்லை. "7.62 பெருக்கல் 51" என்றால் எஸ்.எல்.ஆர். தோட்டா, "7.62 பெருக்கல் 39" என்றால் ஏ.கே. தோட்டா. இரண்டாவது எண் கூட்டின் நீளம். ஒன்றை மற்றொன்றில் போட முடியாது. 9 மில்லிமீட்டரிலும் இதே கதை உண்டு. 1948 ஜனவரி 30 அன்று டில்லியில் மகாத்மா காந்தியைப் பலிகொண்ட இத்தாலிய பெரட்டா பிஸ்டல் 9 மி.மீ. என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது 17 மில்லிமீட்டர் கூடு கொண்ட குட்டை ரகத் தோட்டா; ராணுவங்கள் வழங்கும் 9 மி.மீ. தோட்டாவை விட வலுக் குறைந்தது. மூன்று குண்டுகள். வலுக் குறைந்தது என்பதனால் நாட்டுக்கு நேர்ந்த இழப்பு குறையவில்லை.

பெயரிலேயே பொய்

சில எண்கள் அளவைக்கூடச் சரியாகச் சொல்வதில்லை. சினிமாவில் அடிக்கடி வரும் .38 ரிவால்வரின் குண்டு உண்மையில் .357 அங்குலம்தான். ஆதியில் குண்டும் பித்தளைக் கூடும் ஒரே பருமனாக இருந்த காலத்தில் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. 1935-இல் அதே பருமனில் அதிக மருந்தோடு புதிய தோட்டா வந்தபோது உண்மை அளவைச் சொல்லி .357 மேக்னம் என்று பெயரிட்டார்கள். .38 பெரிது, .357 சிறிது என்று நினைப்பவர் ஏமாந்து போவார். .303-ம் அப்படியே. குழலுக்குள் சுருள் வரிகள் வெட்டியிருப்பார்கள். அவற்றின் மேடுகளுக்கு இடைப்பட்ட அளவே .303 அங்குலம். குண்டு அதைவிடச் சற்றுப் பருமன், .311 அங்குலம். அப்போதுதான் வரிகளில் இறுகிச் சுழன்றுகொண்டு நேராகப் பாயும்.

சர்க்கார் தடையும் .315-ம்

நம் நாட்டில் மட்டும் காணப்படும் சில எண்களுக்குச் சர்க்கார் தடையே காரணம். பட்டாளத்துத் தோட்டா திருட்டுப் போய்ப் பொதுமக்கள் துப்பாக்கியில் ஏறிவிடக் கூடாது என்பது வெள்ளைக்காரர்களின் பயம். 1907-இல் .450 துப்பாக்கிகள் இந்தியாவுக்குள் வரத் தடை போட்டார்கள். உடனே இங்கிலாந்துக் கம்பெனிகள் வேட்டைக்கார துரைமார்களுக்காக .465, .470 என்று சற்றே தள்ளிய அளவில் செய்து அனுப்பின. .315 ரைபிளும் அப்படி வழங்கலாயிற்று. அதன் தோட்டா ஆஸ்திரிய ராணுவத்தின் பழைய 8 மி.மீ. தோட்டா. ரைபிளின் உடலமைப்போ .303-ஐ ஒத்தது. குண்டு 244 கிரெயின், இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு.

சுதந்திரத்துக்குப் பின்னும் முறை மாறவில்லை. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும், 2016-இல் புதிதாக வந்த விதிகள் உட்பட, .303, 7.62, 9 மி.மீ., .45 போன்ற படைத் துப்பாக்கிகளைத் தடை செய்த ரகமாக வைத்திருக்கின்றன. மாவட்ட அதிகாரியிடம் லைசென்ஸ் கேட்கும் சாதாரண மனிதருக்குக் கிடைக்கக் கூடியவை 12 போர், .22, .32, .315 போன்றவையே. கான்பூர் தொழிற்சாலையின் .32 ரிவால்வரும் இஷாபூர் தொழிற்சாலையின் .315 ரைபிளும் வடநாட்டில் இவ்வளவு பரவியதன் ரகசியம் இதுவே. 2019-ஆம் வருடத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது.

நம்மவர் கைபட்ட தோட்டாக்கள்

தோட்டா என்றால் எங்கோ செய்வது என்று நினைக்க வேண்டாம். புனேயை அடுத்த கட்கியில், அந்நாளைய கிர்க்கியில், 1869 முதல் தோட்டாத் தொழிற்சாலை நடக்கிறது. புசாவல் அருகே வரண்காவிலும் ரைபிள் தோட்டா தயாராகிறது. ஊட்டி மலை ரயிலில் போகிறவர்கள் குன்னூர் தாண்டியதும் அருவங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். அங்குள்ள கார்டைட் தொழிற்சாலை நூறாண்டுக்கு மேலாகத் தோட்டாக்களுக்கு மருந்து செய்து வருகிறது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் ஏ.கே. தோட்டாவைச் சுடும் ரைபிளே உருவானது. 2021 அக்டோபரில் இந்தத் தொழிற்சாலைகள் எல்லாம் ஏழு சர்க்கார் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன.

கல்கத்தா விமான நிலையம் இருக்கும் டம்டம்முக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. 1890-களின் பிற்பகுதியில் அங்கிருந்த ஆயுதச் சாலையில், நுனி மலர்ந்து விரியும்படி ஒரு .303 குண்டைச் செய்தார்கள். உடலில் பாய்ந்ததும் விரிந்து பெரும் காயம் செய்யும். அளவு அதே அளவு, எடை அதே எடை, கொடுமை பன்மடங்கு. உலகமே முகம் சுளித்தது. 1899-இல் ஹேக் நகர மாநாடு போரில் அவ்வகைக் குண்டுகளைத் தடை செய்தது. ஒரு வங்காளக் கிராமத்தின் பெயர் உலக அகராதிகளில் இப்படி ஏறி விட்டது.

வி.டி. ஸ்டேஷன் சொன்ன பாடம்

2008 நவம்பர் 26 இரவை மும்பைத் தமிழர் எவரும் மறந்திருக்க முடியாது. சி.எஸ்.டி. ஸ்டேஷனில், பழையவர்கள் இன்னும் வி.டி. என்றே சொல்லும் அதே ஸ்டேஷனில், ஊருக்குப் போக மூட்டை முடிச்சுகளோடு காத்திருந்த ஏழை ஜனங்கள் ஐம்பது பேருக்கு மேல் மடிந்தார்கள். வந்தவர்கள் இருவர், கையில் ஏ.கே. ரைபிள்கள். காவலுக்கு இருந்தவர்களில் பலரிடம் லத்தி, சிலரிடம்.303.

"சின்னக் குண்டை வைத்துக்கொண்டு பெரிய குண்டை எப்படி எதிர்ப்பது?" என்று அன்று பலரும் பேசினார்கள். மேலே உள்ள பட்டியலைப் பார்த்தால் அது தவறு என்று தெரியும். பருமன் ஒன்றே. எடையிலும் வேகத்திலும் வலுவிலும் .303 குண்டே மேல். குறை குண்டில் இல்லை. .303-இல் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ள வேண்டும். பெட்டியில் பத்துத் தோட்டா. ஏ.கே. தானே ஏற்றிக்கொண்டு தொடர்ந்து சுடும், பெட்டியில் முப்பது. பழகிய கைக்கும் பழகாத கைக்கும் உள்ள வித்தியாசம் வேறு. அப்படியும் ரயில்வே பாதுகாப்புப் படை வீரர் ஒருவர் சகாவின் .303-ஐ வாங்கி எதிர்த்துச் சுட்டார் என்பதை நன்றியோடு நினைக்க வேண்டும். உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தோடு .303-க்கு விடை கொடுத்தது.

காவலாளிகள் கவனிக்க

இனி நம்மவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் இரண்டு விஷயங்கள்.

ஒன்று, 12 போரும் 20 போரும் ஒரே இடத்தில் புழங்கும்போது வரும் ஆபத்து. 20 போர் தோட்டா ஒல்லியானது. தவறி அதை 12 போர் துப்பாக்கியில் போட்டால் விழாமல் நிற்காது. உள்ளே வழுக்கிப் போய்க் குழலின் நடுவே சிக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் துப்பாக்கி காலியாகத் தோன்றும். காலி என்று நினைத்து 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துச் சிதறும். இடது கை குழலைத் தாங்கியிருக்கும் இடம் அதுதான். ஆகவே இரண்டு ரகத் தோட்டாவையும் ஒரே பையில், ஒரே வாரில் வைக்கவே கூடாது. தோட்டாவின் பித்தளை அடியில் எண் பொறித்திருக்கும். அதைப் படித்த பிறகே துப்பாக்கியில் போட வேண்டும். டூட்டி மாறும்போது துப்பாக்கியை மடக்கித் திறந்து, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து வாங்குவது நல்ல பழக்கம்.

இரண்டு, வீட்டில் கிடக்கும் பழைய தோட்டா. பட்டாளத்திலிருந்து வந்த மாமா நினைவாகக் கொடுத்தது, பிள்ளைகள் விளையாடக் கண்டெடுத்தது என்று எதுவாயினும் சுடாத தோட்டா ஒன்றே ஒன்று இருந்தாலும் சட்டம் சட்டமே. துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டியது போலத் தோட்டாவுக்கும் வேண்டும். ஊருக்குப் போகும்போது பையில் மறந்து கிடந்த ஒரே தோட்டாவால் விமான நிலையச் சோதனையில் அகப்பட்டு வழக்கில் மாட்டுகிறவர்கள் உண்டு. தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே விளக்கியிருக்கிறது. ஆனால் தெரியாது என்பதைக் கோர்ட்டில் நிரூபித்து முடிப்பதற்குள் டிக்கெட் போகும், லீவு போகும், சில சமயம் வேலையே ஆட்டம் காணும். அப்படிப்பட்ட தோட்டா கண்ணில் பட்டால் தட்டிப் பார்ப்பதோ அடுப்படியில் வைப்பதோ கூடாது. போலீஸ் ஸ்டேஷனில் சொல்லி ஒப்படைத்து, எழுத்தில் ரசீது வாங்குவதே சரி.

பாங்கு வாசலில் கேட்ட இளைஞருக்குக் காவலாளி சொன்ன பதிலும் இதுதான். வாரிலிருந்து ஒரு தோட்டாவை உருவி, அதன் பித்தளை அடியைத் திருப்பிக் காட்டினார்.

"நம்பர் பெரிசா சின்னதா என்று எனக்குக் கவலை இல்லை, தம்பி. துப்பாக்கியில் இருக்கிற நம்பரும் இதில் இருக்கிற நம்பரும் ஒன்றுதானா என்று தினம் காலையில் பார்த்துக்கொள்வேன். ஊரில் மூன்று பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தக் கை எனக்கு வேண்டும்."